நேராகத் திண்டிவனம் போங்கள்

ஏழுமலை அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி கட்சியின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவருடைய படம், கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று இரண்டு வார்த்தை, அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு நிர்வாகிக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள் வந்து குவிந்ததில் அண்ணனின் படம் பார்வையிலிருந்தே மறைந்துபோனது. அந்தக் குழுவிலிருந்து அவரை நீக்கி ரொம்ப நாளாகிறது. நீக்கிய அதே ஆள்தான் அஞ்சலியும் போட்டிருந்தார். நானும் ஒரு கும்பிட்ட கையைப் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று எனக்கே உறைத்தது. கூடப் பிறந்தவனைப் போல என்னை நடத்திய மனிதருக்கு நான் செலுத்திய முதல் மரியாதை அதுதான்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்காக ஒரு சில வரிகள். திண்டிவனத்திலிருந்து திருவக்கரை போகும் வழியில் உள்ள ஓர் ஊரில் அவர் எங்கள் கட்சியின் கிளைச் செயலாளர். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. நான் விழுப்புரத்தில் ஒரு டுட்டோரியலில் தமிழ் நடத்துகிறவன். மாலையில் கட்சி மேடைகளில் பேசுகிறவன். அந்தப் பக்கத்துக் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. என்னைவிட மூத்தவர், ஆனாலும் ‘வாத்தியாரே’ என்றுதான் கூப்பிடுவார். எந்தக் கட்சி, எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதாமல் விடுவதற்குக் காரணம் நாகரிகம் அல்ல, பயம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வாக்குக் கேட்டுப் போகிற இடத்தில் அவர் வாக்குறுதி கொடுக்க மாட்டார். இது அவரோடு நடந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். வேட்பாளர் பாலம் கட்டுகிறேன், குளம் வெட்டுகிறேன் என்று ஜீப்பின் மேல் நின்று அடுக்கிக்கொண்டிருப்பார். கீழே பெண்கள் இவரிடம், அப்படியா அண்ணே என்று கேட்டால், “அவரு சொல்றாரு. நான் கேட்டுப் பாக்கறேன்” என்பார். அவ்வளவுதான். இப்படி ஒரு கிளைச் செயலாளரை வைத்துக்கொண்டு எப்படிக் கட்சி நடத்துவது என்று நாங்களெல்லாம் கேலி செய்வோம். அவர் சிரித்துக்கொள்வார். ஆனால் அவர் ஊரில் மட்டும் எங்களுக்கு எப்போதும் கூடுதலாகவே ஓட்டு விழும்.

அவர் தம் வாயால் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று. அது மருத்துவமனை. ஊரில் இருந்த சுகாதார நிலையத்துக்குக் காலையில் மட்டும் டாக்டர் வருவார். அதைத் தரம் உயர்த்தி இருபத்து நாலு மணி நேரமும் டாக்டர் இருக்கும்படி செய்யவேண்டும் என்று ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு தலைமையைப் பார்க்கச் சென்னைக்குப் போய் வந்தார். அதன்பிறகு வந்த தேர்தலில் அவரே வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னார், ‘வந்துடும், நான் சொல்றேன்’ என்று. எனக்கு ஆச்சரியம். ஏன் இப்படித் திடீரென்று என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். “பெரியவரு என் தோள்ல கைய போட்டுக்கினு போட்டோவுக்கு நின்னாரு வாத்தியாரே. அதுலதான் நான் வுழுந்துட்டேன்” என்றார். நாற்பது வருஷம் கட்சியில் இருந்த மனிதர், ஒரு கை தோளில் பட்டதில் விழுந்ததைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மருத்துவமனை வரத்தான் வந்தது. அப்படித்தான் சொல்லவேண்டும். புதுக் கட்டடம், வழுக்குகிற தரை, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ‘24 மணி நேர சேவை’ என்று பெரிய போர்டு. திறப்பு விழாவுக்கு நான்தான் தொகுப்புரை. பௌர்ணமிக்குத் திருவக்கரை அம்மனைப் பார்க்கப் போகிற கூட்டத்துக்கும் இனி கவலையில்லை என்று நான் பேசியபோது நல்ல கைதட்டல். அன்று வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வேறு வேறு ஊர்களிலிருந்து அன்றைக்கு மட்டும் அழைத்து வரப்பட்டவர்கள். விழா முடிந்து அவரவர் ஊருக்குப் போனார்கள். வேனில் வந்த கட்டில்களில் பாதி அதே வேனில் திரும்பிப் போனது. பழைய டாக்டரே காலையில் மட்டும் வந்தார், அவருக்கும் இன்னொரு ஊரையும் சேர்த்துப் பார்க்கும் வேலை. மதியத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற ஒரு நர்ஸ் பெண் மட்டும் இருப்பாள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணன் விடாமல் விழுப்புரத்தில் அதிகாரிகளைப் பார்க்க நடையாய் நடந்தார். டாக்டர் பணியிடம் அனுமதியாகிவிட்டது, ஆள் போடுவதுதான் பாக்கி என்றார்கள். அடுத்த முறை, இனி எல்லாருக்கும் காப்பீட்டு அட்டை இருக்கிறது, எந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போகலாமே, இந்தப் பெரிய சீர்திருத்தத்தை ஜனங்களிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்று அவருக்கே வகுப்பு எடுத்தார்கள். அன்று நான் கூடப் போயிருந்தேன். வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னார்: “பாம்பு கடிச்சா அந்த கார்டை வெச்சி இறுக்கிக் கட்டினா விஷம் நின்னுடுமா வாத்தியாரே?” நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, கேட்டவர்களிடம் ‘இந்த மாசம் டாக்டர் வந்துடுவாரு’ என்று சொன்னார். அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் மதியத்துக்கு மேல் அங்கே போகாதீர்கள் என்று ஊரில் யாருக்கும் சொல்லவேண்டும் என அவருக்குத் தோன்றவில்லை. எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. வருகிறது என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். வரவில்லை என்று போய்ச் சொல்கிற வழக்கம் எந்தக் கட்சியிலும் இல்லை.

அந்த மல்லாட்டை அறுவடையில் அதே ஊரில் பச்சையம்மாள் என்பவரின் கணவரைப் பாம்பு கடித்தது. சாயங்கால நேரம். பைக்கில் நடுவில் உட்காரவைத்துப் புது மருத்துவமனைக்குத்தான் கொண்டு போனார்கள். விஷமுறிவு மருந்து ஃபிரிட்ஜில் இருந்தது. டாக்டர் இல்லாமல் அதைப் போடுகிற அதிகாரம் அந்த நர்ஸ் பெண்ணுக்கு இல்லை. அவள் டாக்டருக்குப் போன் போட்டாள், ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள், அழுதாள். ஆம்புலன்ஸ் வந்து திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. ஊரிலும் கட்சியிலும் எல்லோரும் ‘நல்ல பாம்பு, விஷம் அதிகம்’ என்று பேசிக்கொண்டோம். அண்ணன் துக்கத்துக்குப் போய் வந்தார், காரியத்துக்கும் போய் வந்தார். அப்போது பச்சையம்மாள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

கேட்டது அடுத்த தேர்தலில். வேட்பாளர் ஜீப்பில் வர, முன்னால் அண்ணனும் நானும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். வாசலுக்கு வாசல் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். பச்சையம்மாளின் வீட்டு வாசலில் தட்டு இல்லை. அந்த அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அண்ணன் தண்ணீரைக் குடித்து முடிக்கிறவரை அந்த அம்மா காத்திருந்தார். பிறகு சொன்னார். கோபமே இல்லை அந்தக் குரலில். தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற குரல்.

“அந்த போர்டு இல்லாத இருந்திருந்தா நாங்க நேரா திண்டிவனம் போயிருப்போம்ண்ணே. எப்பவும் அங்கதான் போவோம். நீங்க சொன்னீங்க, எந்நேரமும் டாக்டர் இருப்பாருன்னு. நீங்க சொன்னா சரியாதான் இருக்கும்னு அங்க தூக்கிக்கினு போனோம். இப்பவாச்சும் வந்துட்டாரா?”

வெளியே ஜீப்பிலிருந்து ஹாரன் அடித்தார்கள். ஜல்தி வாங்க என்று யாரோ கத்தினார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, “வரலைம்மா” என்றார். நான் எழுந்து வெளியே போய், அண்ணனுக்கு மயக்கமாக இருக்கிறது, நீங்கள் போய்க்கொண்டிருங்கள் என்று வேட்பாளரிடம் சொல்லிவிட்டு ஜீப்பிலேயே ஏறிக்கொண்டேன். அவரை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்பதை அன்று நான் கவனிக்கவே இல்லை. அடுத்த தெருவில் துண்டறிக்கை கொடுக்கவேண்டியிருந்தது.

மறுநாள் காலையிலிருந்து அவர் தனியாகத் தெருவில் இறங்கினார். தோளில் கட்சித் துண்டு இல்லை, கையில் நோட்டீஸ் இல்லை. ஓட்டுக் கேட்டுப் போன அதே வீடுகளுக்கு, அதே வரிசையில் போனார். கும்பிட்டு, ஒரே விஷயத்தைச் சொன்னார். மதியத்துக்கு மேல் அங்கே டாக்டர் இல்லை, நான் சொன்னது நடக்கவில்லை, ஏதாவது என்றால் அங்கே நிற்காமல் நேராகத் திண்டிவனம் போங்கள். ஒரு சிலர் திட்டினார்கள். சிலர், இது எங்களுக்குத் தெரியாதா என்று சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணிடம், “அத உள்ள வைம்மா, நான் அதுக்கு வரல” என்றாராம். எங்கள் வேட்பாளர் இந்தப் பக்கம் அந்த மருத்துவமனையைச் சாதனை என்று பேசிக்கொண்டு போக, எங்கள் கிளைச் செயலாளர் அந்தப் பக்கம் அதற்குள் ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டு போனார். இரண்டு பேரும் ஒருநாள் ஒரே தெருவில் எதிர்ப்பட்டுக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

மாவட்ட நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, உன் ஆளுதானே, போய் அடக்கு என்றார். போனேன். அண்ணன் கொல்லையில் உட்கார்ந்து செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்ந்தபடியே, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். கட்சிக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், எதிர்க்கட்சிக்காரன் இதை வீடியோ எடுத்துப் போடுகிறான், தேர்தல் முடியட்டும், பிறகு நானே உங்களோடு வருகிறேன் என்றேன். அவர் ஒரு செடியை உதறிவிட்டுச் சொன்னார்:

“தேர்தல் முடியட்டும்னு பாம்புக்கு யாரு போய் சொல்றது?”

நான் இன்னொரு செடியை எடுத்து ஆய்ந்தேன். அவரே, “கட்சிய நான் ஒண்ணும் திட்டல வாத்தியாரே. டாக்டரு இருக்கற நேரத்ததான் சொல்றேன். ஓட்டு கேக்க ஒவ்வொரு படியா ஏறினேன் இல்ல, பொய்யாப் போச்சுன்னு சொல்லவும் அதே படியிலதான் ஏறணும். வூட்டுக்குள்ள உக்காந்துக்கினு வெக்கப்பட்டா யாருக்கு இன்னா லாபம்?” என்றார். பிறகு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். விழுப்புரம் வந்து நிர்வாகியிடம், பேசிவிட்டேன், யோசிக்கிறேன் என்றார் என்று சொன்னேன். அன்று மாலை கண்டமங்கலத்தில் எனக்குக் கூட்டம். ஐந்தாண்டுச் சாதனைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த மருத்துவமனையும் வரிசையில் இருந்தது. அதைத் தாண்டிப் போயிருக்கலாம், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தாண்டவில்லை. குரலைக்கூட அந்த இடத்தில் வழக்கம்போல ஏற்றித்தான் பேசினேன்.

அவருடைய பொறுப்பைப் பறித்தார்கள். அந்தத் தேர்தலில் நாங்கள் தோற்றோம், அதற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பழி அவர் தலையில்தான் விழுந்தது. ஜெயித்தவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். எங்கள் மேடையில் ஏறி இதையே சொல்லுங்கள், போதும் என்றார்கள். பொன்னாடை கொண்டுவந்திருந்தார்கள். “டாக்டர போடுங்க, நானே வந்து உங்களுக்கு மாலை போடறேன். இப்பத்திக்கு இந்தத் துணிய எடுத்துக்கினு போங்க” என்று அனுப்பிவிட்டார். பெரிய பேஜாரு புடிச்ச மனுஷன் என்று அவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். புது ஆட்சியில் போர்டின் நிறம் மாறியது. திட்டத்தின் பெயர் மாறியது. அட்டையில் இருந்த படமும் மாறியது. மதியத்துக்கு மேல் அதே நர்ஸ் பெண்தான், இன்னும் ஒப்பந்தத்தில்தான். அண்ணன் வருஷத்துக்கு ஒருமுறை, அறுவடை தொடங்குவதற்கு முன்னால், ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அதே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்கு அது தெரிந்திருக்காது இல்லையா என்பார்.

அந்த வருஷங்களில் நான் அவர் வீட்டுக்குப் போவது குறைந்தது. அவர் ஒருநாளும் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. திண்டிவனம் மார்க்கெட்டில் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவிலிருந்து கையைத் தூக்கி ஆட்டினார். கூட ஒரு கட்சிக்காரர் இருந்தார். நான் போனில் பேசுகிறவன்போலத் திரும்பிக்கொண்டேன். அவர் பார்த்தாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. பார்த்திருப்பார்.

வாதம் வந்து அவர் விழுந்தபோது பிள்ளைகள் காரில் போட்டுக்கொண்டு அந்த மருத்துவமனை வாசலைத் தாண்டி நேராகத் திண்டிவனம் போனார்கள். அங்கே தங்களால் ஆனதைச் செய்தார்கள். வயதும் ஆகியிருந்தது. போகிற வழியில் அவருக்கு நினைவு இருந்ததாம். போர்டைத் தாண்டும்போது வண்டி வேகத்தைக் குறைக்காததைக் கவனித்துத் தலையை ஆட்டினார் என்று அவர் மனைவி சொன்னார். அந்த அம்மா இதைச் சொன்னபோது அழவில்லை. நான்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. எங்கள் கட்சிக்காரர்களும் வந்தார்கள், ஆளுங்கட்சிக்காரர்களும் வந்தார்கள். செத்தபிறகு எல்லோருக்கும் அவர் நல்லவராகிவிட்டார். படத்தைத் திறந்துவைத்த பெரிய மனிதர் பேசினார். ஏழுமலை ஐயாவின் கனவு நனவாகும், விரைவிலேயே இருபத்து நாலு மணி நேரமும் டாக்டர்கள், கட்டடத்துக்கு ஐயாவின் பெயரையே வைக்க ஆவன செய்யப்படும் என்றார். பந்தலே அதிரக் கைதட்டினார்கள். நான் மேடையில், படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பார்த்தால் என் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. அடுத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மக்களின் நலவாழ்வுக்காகக் கடைசி மூச்சுவரை போராடியவர் என்று பேசினேன். எப்படிப் போராடினார், எந்தெந்த வீட்டுக்குப் போய் என்ன சொன்னார் என்று சொல்லவில்லை. மைக் என் கையில்தான் இருந்தது. நன்றாகவே வேலை செய்தது.

கூட்டம் கலைந்தபோது பச்சையம்மாள் பந்தலின் ஓரத்தில் எனக்காக நின்றிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. மருமகள் மாசமாக இருக்கிறாள், அடுத்த மாதம் பிரசவம் என்றார். பிறகு கேட்டார்: “இப்ப சொன்னாங்களே சார், டாக்டருங்க வந்துடுவாங்கன்னு. நம்பி இங்கியே காட்டலாமா?”

அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணம், ஏழுமலை அண்ணனோடு என்னைப் பார்த்திருக்கிறார் என்பதுதான். வேறு எந்தத் தகுதியும் எனக்கு இல்லை. வாயில் வழக்கமான பதில் வந்து நின்றது. சொல்லியிருப்பேன். அந்த அம்மா அன்று சொம்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்ததைப்போலவே இப்போதும் காத்திருந்தார். மேடைப் பக்கம் யாராவது கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். குரலைத் தாழ்த்தி, “வேணாம்மா. வலி எடுத்தா நேரா திண்டிவனம் போயிடுங்க” என்றேன்.

அவர் சரி என்று தலையை ஆட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டே, “இத மைக்ல சொல்லியிருக்கலாமே சார். இன்னும் நாலு பேரு கேட்டிருப்பாங்க” என்றார். குத்திக்காட்டவில்லை. எனக்கு மறந்துபோயிருக்கும் என்றுதான் அவர் நினைத்திருக்கவேண்டும்.

அவரை அறிந்தவர்களே, ஏழுமலை அண்ணனிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன். அவருக்கு வெட்கப்படத் தெரிந்திருந்தது. வெட்கப்பட்ட உடனே எழுந்துபோய் ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறவும் தெரிந்திருந்தது. இரண்டில் முதலாவது மட்டும்தான் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.